கல்லூரியா? கடன் கடையா?

2015 ஏப்ரல் 27, திங்கட்கிழமை. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்து ஹீல்ட் கல்லூரி மாணவர்களுக்கு அன்று வகுப்பு இல்லை. கல்லூரியே இல்லை. இழுத்து மூடிவிட்டோம் என்ற அறிவிப்பு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை விடுமுறையில் வெளியாயிற்று. கலிபோர்னியாவில் 10, ஹவாயில் 1, ஆரெகானில் 1 என்று 12 இடங்களில் நடந்துவந்த கல்லூரி அது. அதன் எஜமானனாக இருந்த கொரிந்தியன் காலேஜஸ் என்ற கம்பெனி, தன்னிடம் மிச்சமிருந்த 28 வளாகங்களையும் அன்றே மூடியது. சுமார் 16,000 மாணவர்கள் ஒரே நாளில் நடுத்தெருவில் நிறுத்தப்பட்டார்கள்.

கதவைத்தான் மூடினார்கள். மாணவர் தலையில் ஏற்றியிருந்த கடன் கணக்கை மூடவில்லை.

ஹீல்ட் கல்லூரி நேற்று முளைத்த காளான் அல்ல. 1863ல் சான்பிரான்சிஸ்கோ நகரில் ஆரம்பிக்கப்பட்டது. 1906ல் அந்த நகரத்தையே தரைமட்டமாக்கிய பூகம்பத்தைத் தாண்டி வந்தது. இரண்டு உலக யுத்தங்களையும், 1930களின் பெரும் பொருளாதார நெருக்கடியையும் தாண்டி வந்தது. 152 ஆண்டுகள் நின்ற அந்த ஸ்தாபனம், கொரிந்தியன் கம்பெனியின் கைக்குப் போன ஐந்தே ஆண்டுகளில் அழிந்தது. பூகம்பத்தால் அழிக்க முடியாததை லாப வேட்டை அழித்தது எப்படி?

கல்வியைத் தனியாருக்கு விட்டுவிடுங்கள், போட்டி வளரும், தரம் உயரும், சர்க்காருக்கும் செலவு மிச்சம் என்று நமக்கு ஓயாமல் உபதேசம் செய்கிறவர்கள் உதாரணம் காட்டுவது அமெரிக்காவைத்தான். நாமும் அமெரிக்காவிலிருந்தே ஒரு கணக்கை எடுத்துப் பார்ப்போம். அந்த நாட்டுச் சர்க்காரின் இலாகாக்களும், செனட் சபையும், நீதிமன்றங்களும் வெளியிட்ட விவரங்களே நமக்குப் போதும்.

கணக்கெழுதக் கற்றுக்கொடுத்த காலம்

1848ல் கலிபோர்னியாவில் தங்கம் கண்டெடுக்கப்பட்டது. அதையடுத்துத் துறைமுகமும், பாங்குகளும், கப்பல் கம்பெனிகளும் பெருகின. 1869ல் கண்டத்தின் குறுக்கே ரயில் பாதை வந்து சேர்ந்தது. இவற்றுக்கெல்லாம் குமாஸ்தாக்கள் வேண்டும். பேரேடு எழுதத் தெரிந்தவர்கள் வேண்டும். பெரிய கல்லூரிகளோ அன்று வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகளுக்கு லத்தீனும் கிரேக்கமும் போதித்துக்கொண்டிருந்தன. இந்த இடைவெளியில்தான் எட்வர்ட் பேசன் ஹீல்ட் என்பவர் தம் வணிகக் கல்லூரியைத் திறந்தார்.

அக்காலத்தில் அமெரிக்க நகரங்கள் பலவற்றிலும் இத்தகைய பள்ளிகள் எழுந்தன. கணக்குப் பதிவு, வியாபாரக் கணிதம், அழகிய கையெழுத்து, பின்னாளில் சுருக்கெழுத்து, டைப்ரைட்டிங் என்று சில மாதங்களில் கற்றுக்கொடுத்து அனுப்புவார்கள். எண்ணெய்ச் சக்கரவர்த்தி என்று பின்னால் பெயரெடுத்த ஜான் ராக்பெல்லர் 1855ல் கணக்கெழுதக் கற்றுக்கொண்டதும் கிளீவ்லாந்து நகரில் இருந்த இப்படி ஒரு பள்ளியில்தான். நம் ஊர்க் கடைத்தெருவில் மாடிப்படியேறிப் போய் டைப் அடிக்கக் கற்றுக்கொண்ட தலைமுறைக்கு இந்தப் பள்ளிகளின் சாயல் நன்றாகவே தெரியும்.

அந்தப் பள்ளிகளை நடத்தியவர்கள் தர்மவான்கள் என்று நாம் சொல்லவில்லை. அவர்களும் காசுக்காகத்தான் நடத்தினார்கள். ஆனால் ஒரு கட்டுப்பாடு இருந்தது. கட்டணம் மாணவன் பையிலிருந்தோ, அவன் தகப்பன் பையிலிருந்தோ வரவேண்டும். கொடுக்கிறவன் எண்ணித்தான் கொடுப்பான். படித்தவனுக்கு வேலை கிடைக்கவில்லை என்றால் அந்தச் செய்தி ஊருக்குத் தெரியும். அடுத்த வருஷம் பெஞ்சு காலியாகக் கிடக்கும். லாபம் வேண்டுமானால் ஓரளவாவது பாடம் சொல்லிக்கொடுத்தே தீரவேண்டும்.

இந்தக் கட்டுப்பாடு உடைந்த கதைதான் ஹீல்ட் அழிந்த கதை.

கஜானாவின் கதவு திறந்தது

1944ல், யுத்தத்திலிருந்து திரும்பும் சிப்பாய்களின் படிப்புச் செலவைச் சர்க்கார் ஏற்கும் என்று அமெரிக்கா சட்டம் இயற்றியது. நல்ல சட்டம். எத்தனையோ உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகள் அதனால் படித்தார்கள். ஆனால் கஜானா திறந்ததைக் கண்டவுடன் தனியார் தொழிற்பள்ளிகள் மழைக்கால ஈசல்போல் கிளம்பின. சிப்பாயின் பெயரைப் பதிவு செய்வது, சர்க்காரிடம் பணம் வாங்குவது, பாடம் நடந்ததா என்பதைப் பற்றிக் கவலைப்படாமல் இருப்பது - இதுதான் பலருடைய தொழிலாயிற்று. மோசடி அம்பலமாகவே, 1952ல் ஒரு விதி வந்தது. பள்ளியில் நூற்றுக்குப் 15 பேராவது சிப்பாய் உதவித்தொகை பெறாதவர்களாக இருக்கவேண்டும். வேறு யாரும் சேர விரும்பாத பள்ளி ஒரு பள்ளியே அல்ல என்பது அந்த விதியின் பொருள்.

1972ல் உயர்கல்விச் சட்டம் திருத்தப்பட்டது. சாதாரண மாணவர்களுக்கான சர்க்கார் உதவியும் கடனும் லாபத்துக்கு நடத்தும் பள்ளிகளுக்கு விரிவாகத் திறந்துவிடப்பட்டன. பழைய கதை திரும்பவும் நடந்தது. 1980களில் ஊழல் நாறியபின் 1992ல் மறுபடியும் ஒரு விதி: இத்தகைய பள்ளியின் வருமானத்தில் நூற்றுக்கு 85க்கு மேல் கல்வி இலாகாவின் உதவித்தொகையாகவும் கடனாகவும் இருக்கக்கூடாது. ஆறே ஆண்டுகளில், 1998ல், அந்த 85ஐ 90 ஆக்கிக் கொடுத்தார்கள். சிப்பாய்களின் படிப்புக்குச் சர்க்கார் தரும் பணமோ இந்தக் கணக்கில் சர்க்கார் பணமாகவே சேர்க்கப்படவில்லை! சிப்பாயைப் பிடித்துவந்தால் கம்பெனிக்கு இரட்டை ஆதாயம். இந்த ஓட்டையை அடைக்க 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சுதந்திர வியாபாரம், சர்க்கார் தலையிடக்கூடாது என்று கூக்குரலிடுகிற முதலாளிகள், தங்கள் வருமானத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு சர்க்கார் கஜானாவிலிருந்து வருவதைப் பற்றி ஒருபோதும் ஆட்சேபித்ததில்லை. லாபம் மட்டும் தனிச்சொத்து, முதல் பொதுச்சொத்து!

பெயரை விலைக்கு வாங்கினார்கள்

கொரிந்தியன் கம்பெனி 1995ல் கலிபோர்னியாவில் ஆரம்பிக்கப்பட்டது. 1999ல் பங்குச்சந்தையில் இறங்கியது. சிறிய பள்ளிகளை ஒவ்வொன்றாக விழுங்கிப் பெருத்தது. 2010ல் அதன் கையில் நூறு வளாகங்களுக்கு மேல் இருந்தன. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்கள் இருந்தார்கள். அதன் உச்சநிலையில் ஆண்டுக்குச் சுமார் 140 கோடி டாலர் சர்க்காரின் மாணவர் நிதியிலிருந்து அதற்குப் போய்க்கொண்டிருந்தது.

லாப நோக்கமில்லாத நிறுவனமாக இருந்த ஹீல்ட், 2007ல் தனியார் முதலீட்டாளர்களின் கைக்கு மாறியது. 2010 ஜனவரியில் கொரிந்தியன் கம்பெனி அதை 39 கோடியே 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. கரும்பலகைக்கும் பெஞ்சுக்குமா இந்த விலை? இல்லை. ஒன்றரை நூற்றாண்டாக நாணயமாக நடந்து சேர்த்த பெயருக்கு விலை. பாட்டன் படித்த கல்லூரி என்று நம்பி வரும் பேரனுக்கு விலை.

கொடுத்த பணத்தை வட்டியும் முதலுமாக எடுக்கவேண்டும். யாரிடமிருந்து?

இதற்குக் கலிபோர்னியாவின் தலைமைச் சட்ட அதிகாரி 2013 அக்டோபரில் தொடுத்த வழக்கு பதில் சொல்கிறது. கம்பெனி தன் உள் காகிதங்களில், தான் பிடிக்கவேண்டிய ஆட்கள் எப்படிப்பட்டவர்கள் என்று குறித்து வைத்திருந்தது: தன்னம்பிக்கை குன்றியவர்கள், தனித்து விடப்பட்டவர்கள், அக்கறை காட்ட யாரும் இல்லாதவர்கள், எதிர்காலத்தைத் திட்டமிடத் தெரியாதவர்கள். வறுமைக்கோட்டை ஒட்டி வாழ்கிறவர்கள், துணையின்றிக் குழந்தையை வளர்க்கும் தாய்மார்கள் - இவர்களைத் தேடிப் பகல் நேர டெலிவிஷனிலும் டெலிபோனிலும் வலை வீசினார்கள். வாசகர்கள் கவனிக்கவேண்டும். ஆசிரியன் இப்படிப்பட்ட பிள்ளையைக் கண்டால் கைகொடுத்துத் தூக்குவான். வேட்டைக்காரன்தான் மந்தையில் நொண்டி எது என்று பார்ப்பான்.

கட்டணமும் கடனும்

கலிபோர்னியாவில் சர்க்கார் நடத்தும் சமுதாயக் கல்லூரிகள் இருக்கின்றன. 2012லிருந்து அங்கே கட்டணம் ஒரு அலகுக்கு 46 டாலர். இரண்டாண்டுப் பட்டயத்துக்கு 60 அலகுகள். ஆக மொத்தம் 2,760 டாலர். கொரிந்தியனில் இரண்டாண்டுப் பட்டயத்துக்கு 33,000 முதல் 43,000 டாலர் வரை. இளங்கலைப் பட்டத்துக்கு 60,000 முதல் 75,000 டாலர் வரை. அமெரிக்காவின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு இலாகா 2014 செப்டம்பரில் தொடுத்த வழக்கில் கண்ட தொகைகள் இவை.

ஏன் இவ்வளவு கட்டணம்? நூற்றுக்குத் தொண்ணூறு விதியை நினைத்துக்கொள்ளுங்கள். மீதி பத்து வேறு இடத்திலிருந்து வரவேண்டும். ஆகவே, சர்க்கார் கடனுக்குள் அடங்காத அளவுக்குக் கட்டணத்தை உயர்த்தினார்கள். மிச்சத்துக்குக் கம்பெனியின் ஏற்பாட்டிலேயே ஒரு தனியார் கடன். சர்க்கார் கடனைவிட இரண்டு மடங்குக்கு மேல், நூற்றுக்குச் சுமார் 15 வரை வட்டி. கடன் வாங்கியவர்களில் நூற்றுக்கு 60 பேருக்கு மேல் மூன்றாண்டுகளுக்குள் கட்டமுடியாமல் தவறினார்கள். தவறுவார்கள் என்று கம்பெனிக்கும் தெரியும். அந்தப் பத்து டாலர் திரும்பி வராவிட்டாலும், அதைக் காட்டித் தொண்ணூறு டாலரைக் கஜானாவிலிருந்து எடுத்துவிடலாம் அல்லவா? நஷ்டக் கடன் என்பது அவர்களுக்குத் தூண்டிலில் மாட்டும் புழு.

படிக்கும்போதே தவணை கட்டவேண்டும். கட்டாத மாணவரை வகுப்பிலிருந்து வெளியே அழைத்தார்கள், கம்ப்யூட்டரைத் தொடவிடாமல் தடுத்தார்கள், சான்றிதழை நிறுத்திவைத்தார்கள். வசூல் செய்த அலுவலர்களுக்குப் போனஸ் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்துக்கும் கந்துவட்டிக் கடைக்கும் இருந்த வேற்றுமை பலகையில் எழுதிய பெயர் ஒன்றுதான்.

வேலையாவது கிடைத்ததா? எங்களிடம் படித்தவர்கள் இத்தனை விழுக்காடு பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று ஹீல்ட் விளம்பரம் செய்தது. 2015 ஏப்ரலில் அமெரிக்கக் கல்வி இலாகா அந்தக் கணக்கைச் சோதித்து, 947 புள்ளிகள் பொய் என்று கண்டு, சுமார் 3 கோடி டாலர் அபராதம் விதித்தது. பித்தலாட்டம் எப்படி நடந்தது தெரியுமா? கணக்கியல் படித்து 2011ல் வெளியேறிய ஒரு மாணவியைப் படிப்புக்கேற்ற வேலையில் இருப்பதாகக் காட்டினார்கள். அந்த வேலை, அவர் 2006லிருந்தே பார்த்துவந்த உணவுக்கடை வேலை! வேறு சிலருக்குத் தற்காலிக வேலை ஏஜென்சிகளிடம் கல்லூரியே பணம் கொடுத்து, தன் சொந்த வளாகத்திலேயே சில நாள் வேலை பார்க்க வைத்தது. அதையும் உத்தியோகம் என்று ஏட்டில் ஏற்றியது. கணக்கெழுதக் கற்றுக்கொடுக்கப் பிறந்த கல்லூரி கள்ளக்கணக்கு எழுதியே செத்தது.

ஒரு கூடையும் ஓர் அழுகல் பழமும்

"ஏதோ ஒரு கம்பெனி கெட்டுப்போயிற்று, அதற்காக எல்லாரையும் குறை சொல்லலாமா?" என்று கேட்பார்கள். அமெரிக்க செனட்டின் கல்விக் கமிட்டி, செனட்டர் டாம் ஹார்கின் தலைமையில் இரண்டாண்டுகள் விசாரித்து, 2012 ஜூலையில் அறிக்கை வெளியிட்டது. அது ஆராய்ந்த கம்பெனிகள் 30. 2009ம் வருஷ வருமானத்தில் நூற்றுக்கு 22.7 விளம்பரத்துக்கும் ஆள் பிடிப்பதற்கும் போயிற்று, 19.4 லாபம்; பாடம் சொல்லிக்கொடுக்க 17.2. ஆள் பிடிக்க 35,000க்கு மேற்பட்ட சிப்பந்திகள். படித்தவர்களுக்கு வேலை தேடிக்கொடுக்கச் சுமார் 3,500 பேர். இது ஒரு பழத்தின் அழுகல் அல்ல. கூடையே அழுகல்.

இன்னொரு கேள்வியும் உண்டு. அதை நாம் ஒதுக்க முடியாது. "சர்க்கார் கல்லூரிகளில் இடம் இல்லை. காத்திருக்க முடியாத ஏழைத் தாய்க்கு மாலை வகுப்பும், உடனே சேர்க்கையும் கொடுத்தது யார்? இந்தத் தனியார் கல்லூரிகள்தானே?" உண்மைதான். ஆனால் இடம் ஏன் இல்லை? 1984 வரை கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளில் கட்டணமே கிடையாது. பிறகு கட்டணம் வந்தது, ஏறிக்கொண்டே போயிற்று. 2008 நெருக்கடியை உண்டாக்கியவர்கள் பாங்கு முதலாளிகள். அதற்குப்பின் வெட்டப்பட்டதோ கல்லூரிகளுக்கான நிதி. வகுப்புகள் குறைந்தன, லட்சக்கணக்கானவர்கள் இடமின்றி வெளியே நின்றார்கள். அந்த வாசலில்தான் கொரிந்தியனின் ஆள்பிடிகாரன் காத்திருந்தான். கிணற்றைத் தூர்த்துவிட்டு, பக்கத்தில் தண்ணீர் விற்கிறவனைத் தாகம் தீர்க்கும் புண்ணியவான் என்று புகழ்வதா?

இருபத்தொரு நாள்

2014 ஜூனில் கல்வி இலாகா ஒரு சிறு நடவடிக்கை எடுத்தது. கேட்ட விவரங்களைக் கம்பெனி ஒழுங்காகத் தராததால், மாணவர் நிதியைக் கொடுப்பதில் 21 நாள் தாமதம் விதித்தது. நிறுத்தவில்லை, தாமதம் மட்டும்தான். அதையே அந்த மாபெரும் கம்பெனியால் தாங்க முடியவில்லை. சொந்தக் காலில் நிற்கும் தனியார் முயற்சி என்பதன் குட்டு மூன்று வாரத்தில் வெளிப்பட்டது.

அந்த நவம்பரில் 56 வளாகங்களை 2 கோடியே 40 லட்சம் டாலருக்கு விற்க ஏற்பாடாயிற்று. வாங்க வந்தது யார்? மாணவர் கடனுக்கு உத்தரவாதமும் வசூலும் செய்துவந்த ஈ.சி.எம்.சி. என்ற ஸ்தாபனம்! கடன் வசூலிப்பவனே பள்ளி நடத்த வந்தான். விலைபோகாத மிச்சம்தான் ஹீல்ட் உட்பட 2015 ஏப்ரலில் மூடப்பட்டது. ஒரே வாரத்தில், மே 4ந் தேதி, கம்பெனி திவால் மனுக் கொடுத்தது.

பிறகு தீர்ப்புகள் வந்தன. 2015 அக்டோபரில் 53 கோடி டாலர். 2016 மார்ச்சில் கலிபோர்னியா வழக்கில் 110 கோடி டாலருக்கு மேல். காகிதத்தில் பெரிய தொகைகள். ஆனால் திவாலான பெட்டியில் என்ன இருக்கும்? நிர்வாகிகள் வாங்கிய சம்பளம் எப்போதோ வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. கம்பெனிக்குத் திவால் உண்டு. மாணவனுக்கு அது அநேகமாக இல்லை. அமெரிக்கச் சட்டப்படி படிப்புக் கடனைத் திவால் மனுப் போட்டுக் கழிப்பது மிக அரிது. கல்லூரி மூடிப்போனதால் கடன் ரத்து வேண்டுமென்றால், படித்த பாடங்களை வேறிடத்துக்கு எடுத்துப்போய் அதே படிப்பைத் தொடர முடியாது. தொடர்ந்தால் ரத்து இல்லை. படிப்பா, விடுதலையா - ஒன்றை விட்டுக்கொடு என்றார்கள்.

பதினைந்து பேர்

இந்த நிலையில் 2015 பிப்ரவரியில் கொரிந்தியனின் பழைய மாணவர்கள் 15 பேர் ஒரு பிரகடனம் செய்தார்கள்: எங்களை ஏமாற்றி ஏற்றிய கடனைக் கட்டமாட்டோம். கடன் கூட்டமைப்பு என்ற பெயரில் கடனாளிகளைத் திரட்டி வந்தவர்கள் துணை நின்றார்கள். சில வாரங்களில் 15 பேர் 100 பேரானார்கள். மார்ச் கடைசியில் வாஷிங்டனுக்குப் போய்ச் சர்க்கார் அதிகாரிகளை நேருக்கு நேர் சந்தித்தார்கள். ஏமாற்றிய கல்லூரியில் படித்தவர் கடனை ரத்து செய்ய வழி செய்யும் ஒரு விதி 1990களிலிருந்தே புத்தகத்தில் தூங்கிக் கிடந்தது. அதைத் தூசு தட்டி எடுத்து, ஆயிரக்கணக்கில் மனுக்களைக் குவித்தார்கள்.

வெற்றி உடனே வரவில்லை. சர்க்கார் மாறியது, மனுக்கள் கிடப்பில் போடப்பட்டன. வசூலை நிறுத்து என்று நீதிமன்றம் உத்தரவிட்ட பின்னும், கல்வி இலாகா 16,000க்கு மேற்பட்ட பழைய மாணவர்களிடம் வசூல் நடவடிக்கையைத் தொடர்ந்தது. 2019 அக்டோபரில் நீதிமன்ற அவமதிப்புக்காக அந்த இலாகாவுக்கே ஒரு லட்சம் டாலர் அபராதம் விழுந்தது. கடைசியில் 2022 ஜூனில் அறிவிப்பு வந்தது. 1995லிருந்து 2015 வரை கொரிந்தியன் வளாகங்களில் படித்த 5,60,000 பேரின் மிச்சமிருந்த சர்க்கார் கடன் 580 கோடி டாலர், மனுப் போடாதவர்களுக்கும் சேர்த்து, அடியோடு ரத்து.

15 பேர் தொடங்கியது 5,60,000 பேருக்குப் பலன் தந்தது. தனித்து விடப்பட்டவர்கள், அக்கறை காட்ட யாரும் இல்லாதவர்கள் என்று கம்பெனி யாரைக் குறித்து வைத்ததோ, அவர்கள்தான் ஒன்று சேர்ந்தார்கள். கம்பெனி போட்ட கணக்குகளிலேயே பெரிய தவறு இதுதான்.

ஆனால் கொண்டாடிவிட்டு உட்கார முடியாது. அந்த 580 கோடி டாலர் யாருடையது? பொதுமக்களுடையது. பள்ளி நடத்தச் சொல்லி ஒருமுறை கொடுத்தார்கள். பள்ளி நடக்காததால் மறுபடியும் பொறுத்துக்கொண்டார்கள். இரண்டு முறையும் கொடுத்தது ஜனங்கள். இடையில் லாபம் எடுத்தது கம்பெனி. பணம் திரும்பினாலும், இரவெல்லாம் கண்விழித்துப் படித்த அந்தத் தாயின் இரண்டு வருஷம் திரும்புமா? அதே பணத்தைச் சமுதாயக் கல்லூரிகளுக்குக் கொடுத்திருந்தால் அவர் கட்டணமே இல்லாமல் படித்திருக்கலாமே!

பொதுப்பணம் எங்கே போகிறதோ, அங்கே பொதுமக்களின் கண்ணும் கையும் இருக்கவேண்டும். மாணவனைக் கடனாளியாக்கிக் கல்லூரிக்குக் கொடுப்பதைவிட, கல்லூரியைப் பொதுவாக்கி மாணவனுக்குக் கொடுப்பதே நேர்வழி. வேலைக் கணக்கைக் கல்லூரியே எழுதிக்கொள்ள விடக்கூடாது, வெளியார் சோதிக்கவேண்டும். மூடிய கல்லூரியின் கடன் மாணவனைத் தொடரக்கூடாது. இவற்றைக் கேட்க யாரும் பொருளாதார நிபுணராக இருக்கவேண்டியதில்லை. பிள்ளையின் படிப்புக்குக் கடன் வாங்கி, பாங்கு நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிற எந்த ஊர்த் தகப்பனுக்கும் இது புரியும். அவர் தனியாக உட்கார்ந்திருக்கும் வரை அது நோட்டீஸ். பத்துப் பேராகச் சேர்ந்து நின்றால் அதுவே கோரிக்கை.